லாட்டரி, வெயிட்லிஸ்ட், அதற்கு அப்புறம்: வாஷிங்டனில் ஒரு சார்ட்டர் பள்ளி அனுபவம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டி.சி. பக்கம் வேலை கிடைத்து வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியேதான் வீடு பார்க்கிறார்கள். பொடோமேக் ஆற்றைத் தாண்டி வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ், லவுடன். இல்லையென்றால் மேரிலாந்தில் மான்ட்கோமரி. காரணம் கேட்டால் பள்ளிக்கூடம் என்பார்கள். அங்கே வீட்டு முகவரி தெரிந்தால் பள்ளியும் தெரிந்துவிடும். நாங்கள் நகரத்துக்குள்ளேயே, வடகிழக்குப் பகுதியில் தங்கிவிட்டோம். அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளி ஒன்றில் மகள் மூன்று வயதில் சேர்ந்தாள். இப்போது நான்காம் வகுப்பு. மகனும் அதே பள்ளியில் முதல் வகுப்பு படிக்கிறான்.

நகரத்துக்குக் குடிவர யோசிப்பவர்கள் போன் செய்து, "சார்ட்டர் நல்லதா, சாதாரண அரசுப் பள்ளி நல்லதா?" என்று கேட்கிறார்கள். பள்ளியின் பெயரைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம் என்பதுதான் என் பதில். இங்கே அரசுச் செலவில் படிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் சார்ட்டர்களில் இருக்கிறார்கள். அவ்வளவு பள்ளிகளையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது. அவை எப்படி நடக்கின்றன, பெற்றோர் எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

நம் ஊர் அரசு உதவிபெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரியும். பணம் அரசாங்கத்தினுடையது, நடத்துவது தனி நிர்வாகம். மீதிப் பாதி வேறு. சார்ட்டர் என்பது ஒரு ஒப்பந்தம். பாடத்திட்டம், பள்ளி நேரம், ஆசிரியர் நியமனம் எல்லாவற்றிலும் பள்ளிக்குச் சுதந்திரம் உண்டு. பதிலுக்கு, பிள்ளைகள் கற்கிறார்கள் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். அமெரிக்காவில் இதற்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் மினசோட்டா, 1991-ல். அடுத்த வருடம் செயின்ட் பால் நகரத்தில் முதல் பள்ளி திறந்தது. வாஷிங்டன் ஒரு மாநிலம் இல்லை என்பதால் இந்த நகரத்துக்கான சட்டத்தை 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே நிறைவேற்றியது. ஒப்பந்தக் காலம் 15 வருடம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது பள்ளியை முழுசாகப் பரிசீலிக்க வேண்டும். அதைச் செய்வது மேயர் நியமிக்கும் ஏழு பேர் கொண்ட சார்ட்டர் பள்ளி வாரியம்.

கட்டணம் கிடையாது. நுழைவுத் தேர்வு கிடையாது. மதம் போதிக்கக் கூடாது. 2008-ல் ஏழு கத்தோலிக்கப் பள்ளிகள் சார்ட்டர்களாக மாறியபோது, பாடவேளையிலிருந்து மதத்தை எடுத்துவிட்டுத்தான் மாற முடிந்தது. பிள்ளைகள் மற்ற அரசுப் பள்ளிகளில் நடக்கும் அதே தேர்வுகளை எழுதுகிறார்கள். ஆனால் சார்ட்டர் ஆசிரியருக்கு அரசு உரிமம் கட்டாயமில்லை, பெரும்பாலான பள்ளிகளில் சங்கமும் இல்லை. இதனால் துடிப்பான இளம் ஆசிரியர்கள் வருகிறார்கள். சீக்கிரமே போயும் விடுகிறார்கள். பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது, "இந்த வகுப்பு ஆசிரியர் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறார்?" என்று கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் ஓவியங்களைவிட அந்தப் பதில் அதிகம் சொல்லும்.

கட்டடமும் ஒரு பிரச்சினை. நகரத்தின் பொதுப் பள்ளி நிர்வாகத்தை இங்கே டிசிபிஎஸ் என்பார்கள். அது மூடிய பழைய பள்ளிக் கட்டடங்களில் சில சார்ட்டர்கள் நடக்கின்றன. மற்றவை அலுவலகக் கட்டடம், கிடங்கு என்று கிடைத்த இடத்தில். எங்கள் பள்ளிக்குச் சொந்தமாக விளையாட்டு மைதானம் இல்லை. பிள்ளைகள் ஒரு நீளக் கயிற்றில் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, வரிசையாக அடுத்த தெருப் பூங்காவுக்கு நடந்து போவார்கள். மழை நாளில் உள்ளேயேதான்.

சரி, இடம் எப்படிக் கிடைக்கிறது? லாட்டரிதான். 2014-15 கல்வியாண்டிலிருந்து நகரம் முழுக்க டிசிபிஎஸ் பள்ளிகளுக்கும் மிகப் பெரும்பாலான சார்ட்டர்களுக்கும் சேர்த்து 'மை ஸ்கூல் டிசி' என்ற ஒரே விண்ணப்பம். பன்னிரண்டு பள்ளிகள் வரை விருப்ப வரிசையில் போடலாம். குளிர்காலத்தில் விண்ணப்பம், மார்ச் கடைசியில் முடிவு. கே.ஜி.யிலிருந்து மேலே உங்கள் முகவரிக்கென்று ஒரு டிசிபிஎஸ் பள்ளி எப்போதும் உண்டு. அதற்கு லாட்டரி வேண்டாம், நேரே போய்ச் சேர்க்கலாம். மூன்று, நான்கு வயது வகுப்புகளும் இலவசம்தான். ஆனால் அவற்றுக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியாக இருந்தாலும் லாட்டரி வழியாகத்தான் போக வேண்டும். இது தெரியாமல், "பக்கத்துப் பள்ளிதானே, கோடையில் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

விருப்ப வரிசை போடுவதில்தான் எல்லாருக்கும் குழப்பம். பேர்போன பள்ளியை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும், எளிதில் கிடைக்கக்கூடியதை மேலே போடு என்று பூங்காவில் சந்திக்கிற பெற்றோர் சொல்வார்கள். கேட்காதீர்கள். இந்த முறையின் அடிப்படை, 2012-ல் பொருளாதார நோபல் பெற்ற ஆல்வின் ராத் போன்றவர்கள் வளர்த்தெடுத்த பொருத்தக் கணக்கு. உங்கள் முதல் விருப்பம் கிடைக்கவில்லை என்றால், இரண்டாவது பள்ளியில் உங்கள் பிள்ளை, அதை முதலாவதாகப் போட்ட பிள்ளைக்குச் சமமாகவே பார்க்கப்படும். அங்கே முன்னுரிமையும் சீட்டு எண்ணும்தான் பேசும். நீங்கள் அதை எந்த இடத்தில் எழுதினீர்கள் என்பது பேசாது. அதனால் மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று. ஒரு பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே எழுதிய பள்ளிகளெல்லாம் போய்விடும். மேலே எழுதியவற்றில் மட்டும் வெயிட்லிஸ்டில் இருப்பீர்கள். எனவே பிள்ளையை அனுப்ப மனமில்லாத பள்ளியை எண்ணிக்கைக்காக எழுத வேண்டாம். ஐந்து பள்ளிதான் பிடித்ததா, ஐந்தோடு நிறுத்துங்கள். அந்த ஐந்தில் ஒன்றாவது வழக்கமாக இடம் கிடைக்கிற பள்ளியா என்று மட்டும் பாருங்கள். போன வருடங்களில் எந்தப் பள்ளியில் வெயிட்லிஸ்ட் எதுவரை நகர்ந்தது என்ற விவரம் மை ஸ்கூல் டிசி தளத்திலேயே இருக்கிறது. வெயிட்லிஸ்டில் 80-ஆவது எண் என்றதும் மனம் உடைந்துபோகும். சில பள்ளிகளில் கோடைக்குள் 80-ஐத் தாண்டிப் போய்விடும். சிலவற்றில் எட்டுகூட நகராது. டிசம்பர் வாக்கில் நடக்கும் எட்ஃபெஸ்ட் என்ற பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு நடை போய் வாருங்கள். எல்லாப் பள்ளிகளின் ஆட்களும் ஒரே கூரையின் கீழ் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் மகளுக்கு மார்ச்சில் கிடைத்தது பட்டியலில் கீழே இருந்த பள்ளி. அங்கே சேர்த்துச் சீருடையும் வாங்கிவிட்டோம். ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறப்பதற்குச் சற்று முன்னால், இப்போது படிக்கும் பள்ளியிலிருந்து போன் வந்தது. பதில் சொல்லக் கொஞ்ச நேரம்தான் கொடுத்தார்கள். புதிய இடத்தை ஏற்றுக்கொண்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. கோடையில் ஊருக்குப் போகிறவர்கள், இந்திய நம்பருக்கு மாறிவிட்டு அமெரிக்க நம்பரை அணைத்து வைக்காதீர்கள். இமெயிலையும் தினமும் பாருங்கள்.

அண்ணன், அக்கா படிக்கும் பள்ளியில் தம்பி தங்கைக்கு முன்னுரிமை உண்டு. அதனால்தான் மகனுக்கு எளிதாகக் கிடைத்தது. மூத்த பிள்ளையின் லாட்டரி குடும்பத்துக்கே சேர்த்து நடக்கும் லாட்டரி மாதிரி.

சேர்க்கைக்கான காகிதங்களில் நம்மவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் வசிப்பிடச் சான்று. நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் இலவசம்; ஒவ்வொரு வருடமும் நிரூபிக்க வேண்டும். சுலபமான வழி, டி.சி. வரி பிடித்த சமீபத்திய சம்பளச் சீட்டு. கம்பெனி வர்ஜீனியாவில் இருந்து, அவர்கள் வர்ஜீனியா வரியையே பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சீட்டு செல்லாது. நகரத்துக்குக் குடிவந்த வாரமே, டி.சி. வரி பிடிக்கச் சொல்லும் டி-4 படிவத்தை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது என்று இரண்டு மூன்று காகிதங்களாகத் தேடித் திரிய வேண்டும்.

அப்புறம் உடல்நலச் சான்று, பல் மருத்துவர் படிவம், தடுப்பூசி அட்டை. ஊரில் போட்ட தடுப்பூசிகளின் தேதிகளைக் குழந்தை மருத்துவரிடம் கொடுத்து இங்குள்ள பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பிசிஜி போட்ட பிள்ளைக்குத் தோலில் குத்திச் செய்யும் காசநோய்ப் பரிசோதனை தவறாக பாசிட்டிவ் காட்டலாம். ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டு மொழிப் படிவம் பற்றிப் பல தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். வந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண் போனில், "அக்கா, வீட்டுல தமிழ்னு எழுதினா பிள்ளையைத் தனி கிளாஸ்ல போட்டுடுவாங்களாமே? இங்கிலீஷ்னே எழுதிடவா?" என்றாள். "தமிழ்னே எழுதும்மா" என்றேன். எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலம் எவ்வளவு வருகிறது என்று ஒரு சிறு தேர்வு வைப்பார்கள். நன்றாக வந்தால் அத்தோடு முடிந்தது. வராவிட்டால் கூடுதல் உதவி கிடைக்கும். அது பிள்ளையின் சட்ட உரிமை, அதற்காகப் பள்ளிக்குத் தனியாகப் பணமும் வருகிறது. உண்மையை மறைத்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

எங்கள் மகனுக்குப் பேச்சு தாமதமாக வந்தது. சார்ட்டரின் அமைப்பை நான் நன்றாகத் தெரிந்துகொண்டது அவனால்தான். டிசிபிஎஸ்ஸில் நகரம் முழுவதற்கும் ஒரே நிர்வாகம்; சிறப்புக் கல்விக்குத் தனித் துறை, பல நிபுணர்கள். இங்கே ஒவ்வொரு சார்ட்டர் நிறுவனமும் சட்டத்தின் பார்வையில் தனி ஒரு கல்வி மாவட்டம். ஒரே ஒரு கட்டடத்தில் நடக்கும் சின்னப் பள்ளியானாலும், பிள்ளையை மதிப்பிடுவது, திட்டம் போடுவது, சிகிச்சையாளரை அமர்த்துவது எல்லாம் அதன் பொறுப்பு. "எங்களிடம் அந்த வசதி இல்லை, வேறு பள்ளி பாருங்கள்" என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. இருந்தாலும் நாசூக்காகச் சொல்லிப் பார்க்கிற இடங்கள் உண்டு. ஒரு பள்ளியில் எனக்கே அப்படிச் சொன்னார்கள்.

மதிப்பீடு வேண்டும் என்று வாய்ப் பேச்சில் கேட்காதீர்கள். இமெயிலில் தேதியோடு கேளுங்கள். நீங்கள் சம்மதக் கையெழுத்து போட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். இரண்டு மொழி பேசும் பிள்ளை என்பதை மதிப்பிடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் பேச்சுச் சிகிச்சையாளர் அன்பான பெண். மகன் 'தண்ணி', 'போதும்', 'அங்கே பாரு' என்று வீட்டில் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். ஆங்கிலச் சொற்களோடு அவற்றையும் சேர்த்து எண்ணினார். ஆங்கிலத்தில் மட்டும் பார்த்தால் மிகக் குறைவாகத் தெரிந்த சொல்வளம், இரண்டையும் கூட்டியதும் வேறாகத் தெரிந்தது. தாமதம் இருந்தது உண்மை. ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. ஐஇபி எனப்படும் தனித் திட்டத்தில், தமிழில் வரும் பதிலையும் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவரே எழுதி வைத்தார்.

அந்த வருட நடுவிலேயே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புது ஆள் வரப் பல வாரங்கள் ஆயின, அதுவரை சிகிச்சை நின்றுபோனது. இப்படி விட்டுப்போன மணிநேரங்களை ஈடுகட்டித் தரும்படி கேட்கலாம். அதற்கு உரிமை உண்டு. ஐஇபியில் எழுதிய நிமிடக் கணக்கை ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்ததால் எங்களால் கேட்க முடிந்தது. கோடையில் ஈடுசெய்து கொடுத்தார்கள். குறித்துவைக்காத குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது என்று தெரியவில்லை. அந்த நினைப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

போக்குவரத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. படங்களில் வரும் மஞ்சள் பஸ் வாஷிங்டனில் சாதாரணப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அரசு பள்ளி பஸ் பெரும்பாலும் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குத்தான். மற்றவர்களுக்கு, ஐந்து வயதிலிருந்து மெட்ரோ ரயிலிலும் பஸ்ஸிலும் இலவசப் பயண அட்டை. ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக ரயிலில் அனுப்ப முடியுமா? பெரியவர் ஒருவர் கூடப் போயாக வேண்டும். சார்ட்டர்களில் பொதுவாக வீட்டு அருகாமைக்கு முன்னுரிமை இல்லை, நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். ஏழைப் பிள்ளைக்குப் பணக்காரத் தெருவின் பள்ளிக் கதவு மூடியிருக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் கதவு வரைக்கும் வந்து சேரும் செலவு குடும்பத்தின் தலையில்தான்.

மகள் வகுப்பில் ஒரு பையனை அவனுடைய பாட்டி வளர்க்கிறார். அனகோஸ்டியா ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, காலைச் சிற்றுண்டி நேரத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடுவார். நகரத்திலேயே ஏழ்மை மிகுந்த பகுதி அது. அங்கிருந்து இத்தனை தூரம் ஏன் என்று கேட்டேன். பக்கத்துப் பள்ளியில் அவனுக்கு வாசிப்பு வரவில்லை, இங்கே வருகிறது, அவ்வளவுதான் என்றார். சார்ட்டர் வேண்டுமா வேண்டாமா என்று செய்தித்தாளில் வாதாடுகிறவர்கள் அவர் பக்கத்தில் அந்த பஸ்ஸில் ஒரு நாள் உட்கார வேண்டும். அதே சமயம், அவர் தெருவில் உள்ள பள்ளி ஏன் அப்படி விடப்பட்டது என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். சார்ட்டருக்கான பணம் அக்டோபர் 5 அன்று எடுக்கும் மாணவர் கணக்கை வைத்து வருகிறது. அதற்கப்புறம் வருட நடுவில் ஒரு பிள்ளை வெளியேறினால், சேர்த்துக்கொள்ள வேண்டியது அந்தத் தெருப் பள்ளிதான். ஜனவரியில் புதிதாக நகரத்துக்கு வரும் பிள்ளைக்கும் அதுதான் கதவு. இந்தச் சுமையை டிசிபிஎஸ் பள்ளிகள் சத்தமில்லாமல் சுமக்கின்றன. எங்களுக்கு நல்லது நடந்திருக்கிறது என்பதற்காக இதை நான் மறைக்க மாட்டேன்.

ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், சார்ட்டர் பிள்ளைகள் ஒரு வருடத்தில் வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் பாடத்துக்குச் சமமான அளவு கூடுதலாக முன்னேறியதாக வந்தது. நாடு தழுவிய சராசரி அது. நகரச் சார்ட்டர்கள் அதைவிட மேலே, இணையவழிச் சார்ட்டர்கள் வெகுவாகக் கீழே. சராசரியைப் பார்த்து உங்கள் பிள்ளையின் பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பள்ளியின் பணநிலையைப் பாருங்கள் என்று சொன்னால் பெற்றோர் ஆச்சரியப்படுகிறார்கள். 2024 ஆகஸ்டில், வகுப்பு தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, ஈகிள் அகாடமி என்ற சார்ட்டர் மூடப்பட்டது. சின்னப் பிள்ளைகளுக்காகத் தென்கிழக்கில் பல வருடங்களாக நடந்துவந்த பள்ளி. பணத் தட்டுப்பாட்டில் சிக்கி, இன்னொரு சார்ட்டரோடு இணையும் திட்டத்தை வாரியம் ஏற்காததால் நின்றுபோனது. அந்த வாரம் பெற்றோர் அலைந்த அலைச்சலை ஊரே பார்த்தது. சார்ட்டர்களின் வருடாந்திரத் தணிக்கை அறிக்கைகள் பொதுவில் இருக்கின்றன. மாணவர் எண்ணிக்கை வருடா வருடம் குறைகிறதா, கையிருப்புப் பணம் எத்தனை நாள் செலவுக்குத் தாங்கும் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். கணக்கு படிக்கத் தெரிந்த ஒரு நண்பர் போதும்.

ஒவ்வொரு சார்ட்டரின் நிர்வாகக் குழுவிலும் குறைந்தது இரண்டு பெற்றோர் இருக்க வேண்டும், பெரும்பான்மையினர் நகரவாசிகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பள்ளியில் அந்தப் பெற்றோர் இருவர் யார் என்று விசாரித்து, போன் நம்பர் வாங்கி வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டில் சைவப் பிள்ளைகளுக்கு நாள் தவறாமல் சீஸ் சாண்ட்விச் வந்துகொண்டிருந்ததை அவர்கள் வழியாகத்தான் குழுவுக்குக் கொண்டுபோனோம். இப்போது பீன்ஸும் சோறும் வருகிறது. டிசிபிஎஸ்ஸில் இப்படி ஒன்றை நகர்த்த எத்தனை மேஜை தாண்ட வேண்டியிருக்குமோ. சின்ன நிர்வாகத்தின் பலம் இதுதான். சிகிச்சையாளர் போனதும் மாற்று ஆள் இல்லாமல் திண்டாடியதும் அதே சின்ன நிர்வாகம்தான்.

லாட்டரி விண்ணப்பத்துக்குத் தொலைபேசியில் உதவி உண்டு. ஸ்பானியம், அம்ஹாரிக் போன்ற மொழிகளிலும் பேசுவார்கள். இருந்தாலும் ஆங்கிலமும் ஓய்வு நேரமும் உள்ள பெற்றோருக்கே இந்த முறை வசதியாக இருக்கிறது. இப்போது ஜனவரி தோறும் எங்கள் தெரு நூலகத்தில் நாங்கள் சில அம்மாக்கள் லேப்டாப்போடு உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு விண்ணப்பம் போட உதவுகிறோம். தேதி தவறாமல் போட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்தது. தாமதமாகப் போட்டவர்கள் வெயிட்லிஸ்டில் பெரும்பாலும் கடைசிக்குப் போய்விடுவார்கள்.

நான்காம் வகுப்பில் இருக்கும் மகளால் எங்களுக்கு மறுபடியும் அந்த வேலை வந்திருக்கிறது. டிசிபிஎஸ் நடுநிலைப் பள்ளிகள் 6-ஆம் வகுப்பில் தொடங்குகின்றன. வாஷிங்டன் லாட்டின், பேஸிஸ் போன்ற சார்ட்டர்கள் 5-லேயே தொடங்கிவிடுகின்றன. அதனால் நான்காம் வகுப்பு முடிந்ததும் பல தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு பாதி காலியாகிவிடும். இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கட்டும் என்று விட்டால் அடுத்த வருடம் அந்தப் பள்ளிகளில் காலியிடம் மிகக் குறைவு. மேல் வகுப்புகளில் புதிதாகச் சேர்க்காத சார்ட்டர்களும் உண்டு. மகளுக்கு இந்தப் பள்ளியை விட மனமில்லை. பட்டியலில் மூன்று பள்ளிகள் எழுதியிருக்கிறோம். இரண்டு அவள் சுற்றிப் பார்த்துச் சொன்னவை, ஒன்று நாங்கள் சொன்னது. இடம் கிடைக்காவிட்டால் ஐந்தாம் வகுப்பும் இங்கேயேதான், அப்புறம் ஆறாம் வகுப்புக்கு வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள டிசிபிஎஸ் நடுநிலைப் பள்ளி. போன மாதம் அதையும் போய்ப் பார்த்தோம். அறிவியல் ஆசிரியர் அங்கே பதினொரு வருடமாக இருக்கிறாராம்.